மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நாடகம் செய்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாடகக் குழுக்களில் இருப்பவர்கள், அங்கன்வாடி மற்றும் மழலையர் பள்ளி ஆசிரியர்கள், சும்மா ஆர்வத்தில் கேட்கும் பெற்றோர் ஆகியோரிடமிருந்து வரும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். கைக்குழந்தையிலிருந்து மூன்று வயது வரைதான் இங்கே பேச்சு. எழுதிய பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்காமல், பொருளோடும் உடலோடும் ஒலியோடும் முயன்று பார்த்து ஒத்திகையிலேயே நாடகத்தை உருவாக்குவதை நாடகக்காரர்கள் டிவைசிங் என்கிறார்கள். இந்த வயதுக்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஒரு வயதுக் குழந்தைக்கு நாடகத்தில் என்ன புரியப்போகிறது?

கதை புரியாது. ராஜா, மந்திரி, ராஜாவுக்கு ஒரு கவலை என்பதெல்லாம் அந்த வயதில் வேலைக்கு ஆகாது. ஆனால் எதிர்பார்ப்பு புரியும். ஏமாற்றம் புரியும். போனது திரும்பி வருமா என்று காத்திருக்கத் தெரியும், வந்ததும் சிரிக்கத் தெரியும். முகத்தை மூடிக்கொண்டு "காணோம், காணோம்… இதோ!" என்று வீட்டில் விளையாடுகிறோமே, அதில் தொடக்கம், தவிப்பு, முடிவு எல்லாம் இருக்கின்றன. கண்ணுக்கு மறைந்த பொருள் இல்லாமல் போய்விடவில்லை என்ற எண்ணம் சுமார் எட்டு மாதத்தில் வரத் தொடங்குகிறது என்றார் குழந்தை உளவியலாளர் ழான் பியாஜே. அதற்கும் முன்பே வந்துவிடுகிறது என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். எப்படியும் பல் முளைக்கும் வயதில் நம் பார்வையாளர் தயார்.

இது எங்கே தொடங்கியது?

இத்தாலியின் பொலோன்யா நகரில் 1976இல் தொடங்கப்பட்ட லா பராக்கா என்ற குழுவைத்தான் பலரும் முதலில் சொல்வார்கள். நகராட்சி நடத்தும் குழந்தைகள் காப்பகங்களோடு சேர்ந்து 1987 முதல் மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்காக நாடகம் செய்கிறார்கள். முதலில் செய்த நாடகத்தின் பெயர் 'தண்ணீர்'. பெயரிலேயே பாதி விஷயம் இருக்கிறது: எடுத்துக்கொண்டது கதாபாத்திரத்தை அல்ல, ஒரு பொருளை. நார்வேயில் 1990களின் இறுதியில் மூன்று வயதுக்குட்பட்டோருக்கான கலை என்றே தனித் திட்டம் நடந்தது. ஸ்காட்லாந்தில் ஸ்டார்கேட்சர்ஸ் என்ற அமைப்பு 2006இல் எடின்பரோவில் ஒரு சிறு முயற்சியாகத் தொடங்கி வளர்ந்தது.

நாங்கள் எங்கிருந்து தொடங்குவது? முதல் நாள் ஒத்திகையில் என்ன செய்வது?

முதல் நாள் ஒத்திகையே வேண்டாம். குழந்தைகள் இருக்கும் இடத்துக்குப் போய் ஓரமாக உட்காருங்கள். அங்கன்வாடியோ காப்பகமோ அக்கா வீடோ, எதுவானாலும் சரி. முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். படம் பிடிக்க வேண்டாம், குறிப்பேடு போதும்.

என்ன குறிப்பெடுப்பது? அழகான மழலைப் பேச்சை எழுதி வைத்துக்கொள்வதில் பயன் குறைவு. கைகள் என்ன செய்கின்றன என்று பாருங்கள். ஒரு குழந்தை கிண்ணத்தில் இருப்பதைக் கவிழ்க்கும், மறுபடி நிரப்பும், மறுபடி கவிழ்க்கும். இன்னொன்று எதைக் கண்டாலும் துணி போட்டு மூடும். ஒன்று பொருள்களை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு வேலையாள் மாதிரி சுமந்துகொண்டே இருக்கும். உருட்டுவது, அடுக்குவது, தள்ளிவிடுவது, உள்ளே நுழைந்து ஒளிவது என்று இப்படித் திரும்பத் திரும்பச் செய்யும் செயல்கள்தாம் உங்கள் நாடகத்தின் வினைச்சொற்கள். அவற்றில் இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் அந்தச் செயல்களுக்கு இடம் கொடுக்கும் ஒரே ஒரு பொருளைத் தேடுங்கள்: காகிதம், துணி, தண்ணீர், அட்டைப்பெட்டி, பனையோலை, எதுவாகவும் இருக்கலாம். ஒன்றுக்கு மேல் எடுத்தால் நாடகம் கடைவீதி ஆகிவிடும்.

உதாரணத்துக்கு எவர்சில்வர் பாத்திரங்களை எடுத்துக்கொள்வோம். தமிழ்க் குழந்தைக்கு அது பிறந்ததிலிருந்து பழக்கம். அது மின்னும், முகம் காட்டும், சுழலும், உருளும், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும், தட்டினால் வெகுநேரம் ஒலிக்கும். ஒத்திகையில் நடிகர்கள் முதலில் அந்தப் பாத்திரங்களோடு பேசாமல் நிறைய நேரம் விளையாட வேண்டும். நடிக்கக் கூடாது. தட்டு என்னென்ன செய்யும் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. சுழன்று நிற்கப்போகும் தட்டு கடைசி நொடிகளில் வேகமாக அதிருமே, அது தானாகவே ஒரு காட்சி. டம்ளருக்குள் பேசினால் குரல் மாறும். பெரிய தவலைக்குள் ஒரு நடிகரின் தலை மறைந்தால் கண்ணாமூச்சி. அடுக்கிய டம்ளர்கள் கோபுரம். அது விழுமா விழாதா என்பது இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு துப்பறியும் கதை அளவுக்குப் பதற்றம் தரும்.

கிடைத்ததையெல்லாம் சின்னச் சின்ன 'துண்டு'களாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் இருக்கும். பாதி வேலை முடிவதற்குள்ளேயே, ஐந்தாறு துண்டுகளை எடுத்துக்கொண்டு குழந்தைகளிடம் போய்க் காட்டுங்கள். இதைத் தள்ளிப்போடவே கூடாது. முழுதாக முடித்துவிட்டுக் காட்டலாம் என்று காத்திருக்கும் குழு, பெரியவர்களுக்குப் பிடித்த நாடகம் ஒன்றைச் செய்துவிடும். காட்டும்போது ஒருவர் நடிகர்களைப் பார்க்காமல் குழந்தைகளின் கண்ணை மட்டும் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் கண் வேறு பக்கம் போகிறது, எங்கே வாய் திறந்தபடி நிற்கிறது, எங்கே கை நீள்கிறது என்று குறிப்பெடுக்க வேண்டும். ஒரு குழந்தையின் கண் போவது தற்செயல். மூன்று இடங்களில் காட்டியும் எல்லாக் கண்களும் அதே நொடியில் போனால், அந்தத் துண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டித்தான் ஆக வேண்டும். இயக்குநருக்கு மனசு வராது. அதற்காகத்தான் குறிப்பெடுப்பவர் வேறு ஆளாக இருக்க வேண்டும் என்கிறேன்.

அப்படியானால் கதையே வேண்டாமா?

இரண்டு வயதைத் தாண்டியவர்களுக்குக் கொஞ்சம் கதை தாங்கும். பிரச்சினை ஒன்றாக இருக்க வேண்டும், அதைக் கண்ணால் பார்க்க முடிய வேண்டும். ஸ்காட்லாந்தின் கேத்தரின் வீல்ஸ் குழு 2010இல் எடின்பரோவில் அரங்கேற்றிய 'வெள்ளை' என்ற நாடகத்தைச் சொல்லலாம். எல்லாமே வெள்ளையாக இருக்கும் ஓர் உலகம். அங்கே இரண்டு நண்பர்கள் பறவை வீடுகளையும் முட்டைகளையும் கவனித்துக்கொள்கிறார்கள். நிறம் எட்டிப் பார்த்தால் அதைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடுவார்கள். ஒரு நாள் சிவப்பு முட்டை ஒன்று வந்துவிடுகிறது. அவ்வளவுதான் பிரச்சினை. வில்லன் கிடையாது, வசனமும் குறைவு. வெள்ளைக்குள் சிவப்பு வந்தால் ஏதோ ஆகிவிட்டது என்று இரண்டு வயதுக் குழந்தைக்கும் தெரியும், யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு வயதுக்குக் கீழே கதைக்குப் பதிலாக வரிசை போதும். ஒன்று நடக்கிறது, மறுபடி அதே நடக்கிறது, மூன்றாவது தடவை கொஞ்சம் மாறி நடக்கிறது. மூன்றாவது தடவையில்தான் சிரிப்பு வரும்.

வசனம் எவ்வளவு இருக்கலாம்?

பொதுவாகக் குறைவு நல்லது. ஆனால் 'குழந்தைக்குப் பேச்சு புரியாது, அதனால் பேசவே வேண்டாம்' என்ற முடிவுக்கும் போக வேண்டியதில்லை. ஸ்டாக்ஹோமின் உங்கா கிளாரா அரங்கில் சுசான் ஓஸ்டன் 2006இல் இயக்கிய 'பேபி டிராமா' ஆறு மாதம் முதல் ஒரு வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது. அதை எழுதியவர் ஆன்-சோஃபி பாரனி என்ற உளப்பகுப்பாய்வாளர். பிறப்பைப் பற்றிய அந்த நாடகத்தில் பேச்சு தாராளமாகவே இருந்தது. கைக்குழந்தையை மரியாதையுள்ள பார்வையாளராக நினைத்து நேரே பார்த்துப் பேசினார்கள்.

தமிழில் நமக்கு வேறொரு வசதி இருக்கிறது. சலசல, கடகட, தொம், டமால், சளக்கு புளக்கு என்று ஒலிக்கே சொல் வைத்திருக்கிறோம். ஒரு நாடகம் முழுவதையும் இரட்டைக்கிளவியிலேயே ஓட்டிவிடலாம். தாலாட்டில் வரும் ஆராரோவும் அப்படித்தான். பொருள் இல்லாமலே வேலை செய்கிறது. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: தொலைக்காட்சியில் குழந்தைகளுக்காகப் பேசும் அந்தக் கீச்சுக் குரல். தாய்மார்கள் குழந்தையிடம் குரலை உயர்த்தி, மெதுவாக, உயிரெழுத்தை நீட்டிப் பேசுவது இயல்பாக வருவது. குழந்தைகள் அதைத்தான் விரும்பிக் கேட்கிறார்கள். கீச்சுக் குரல் அதைப் போல நடிப்பது. வித்தியாசம் குழந்தைக்குத் தெரியாவிட்டாலும் தாத்தாவுக்குத் தெரியும்.

ஐந்து மாதக் குழந்தையும் இரண்டரை வயதுக் குழந்தையும் ஒரே காட்சிக்கு வரலாமா?

முடிந்தவரை பிரித்துவிடுங்கள். தவழாதவர்கள், தவழ்ந்தும் பிடித்தும் நடப்பவர்கள், ஓடுபவர்கள் என்று மூன்றாகப் பிரிப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. வயதை வைத்துப் பிரிப்பதைவிட உடல் என்ன செய்கிறது என்பதை வைத்துப் பிரிப்பது வசதி. நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் இதைத்தான் செய்தார்கள். ஐந்தாம் மாதம் கையை ஊன்றித் தலையை அசைக்கும் செங்கீரை, ஒன்பதாம் மாதம் கை கொட்டும் சப்பாணி, ஒரு வயதையொட்டித் தளர்நடை போட்டு வரும் வருகை, அப்புறம் நிலாவைக் கூப்பிடும் அம்புலி. பத்துப் பருவங்களையும் ஒரு நாடகக் குழு வரிசையாக வாசித்தால், பார்வையாளரின் உடல் எப்படி மாறுகிறது என்ற நல்ல பட்டியல் கிடைக்கும். இலக்கிய மாணவர்கள் அடிக்க வர வேண்டாம், இது என் வசதிக்கான வாசிப்பு.

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் நன்றாகத் தெரியும். சில மாதங்களில் பார்வை வேகமாகத் தெளிந்துவிடும் என்றாலும், தவழாத குழந்தைகளுக்கான காட்சியில் நடிகர் மேடையில் நின்று பயனில்லை. பாய்க்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். ஓடுபவர்களுக்கு அதே நெருக்கம் அழைப்பாகத் தோன்றும், எழுந்து வந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

நடிகர்களுக்கு என்ன பயிற்சி வேண்டும்?

நிதானம். மற்றதெல்லாம் பிறகு. நன்றாக நடிப்பவர்களுக்கு இது கஷ்டமாகவே இருக்கும், ஏனென்றால் அவர்கள் கைத்தட்டலுக்குப் பழகியவர்கள். இங்கே கைத்தட்டல் வராது. உற்றுப் பார்க்கும் கண்கள்தான் வரும்.

எட்டு ஒன்பது மாதத்தில் குழந்தைகளுக்குப் புது முகத்தைக் கண்டால் பயம் வரும். நேரே போய்க் குனிந்து சிரித்தால் அழுகைதான். பக்கவாட்டில் உட்கார்ந்து, கையில் இருக்கும் பொருளைப் பார்த்துக்கொண்டிருங்கள். குழந்தை உங்களைப் பார்த்து முடிக்கட்டும், அதற்கப்புறம் நீங்கள் பார்க்கலாம்.

அதேபோல உணர்ச்சியே காட்டாத முகமும் கூடாது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் 1970களில் ஒரு சோதனை செய்தார். குழந்தையோடு விளையாடிக்கொண்டிருக்கும் தாய் திடீரென்று முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை ஆட்டிப் பார்க்கும், கடைசியில் கலங்கி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். முழு முகத்தை மூடும் முகமூடியையும் வெள்ளைப் பூச்சையும் இந்த வயதுக்கு நான் தவிர்ப்பது இதனால்தான். பொம்மலாட்டம் தாராளமாகச் செய்யலாம், ஆனால் பொம்மையை ஆட்டுபவர் முகம் வெளியே தெரியட்டும்.

நடுவில் குழந்தை அழுதால்? எழுந்து மேடைக்கு வந்துவிட்டால்?

அழுகை இந்த அரங்கின் இயல்பான சத்தங்களில் ஒன்று. பெற்றோர் கூசிப்போவதுதான் பெரிய சிக்கல். நாடகம் தொடங்குவதற்கு முன்பே, "அழுதால் வெளியே போகலாம், திரும்பி வரலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும்" என்று சொல்லிவிடுங்கள். கதவு உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், நடிகர்களைக் கடந்து போகும்படி இருக்கக் கூடாது.

மேடைக்கு வருவதை இரண்டு விதமாகக் கையாளலாம். ஒன்று, வரவிடுவது. துண்டுகளை அதற்கேற்பவே கட்டுங்கள், வரும் குழந்தை கையில் ஒரு டம்ளரைக் கொடுத்துவிட்டு நடிகர் தொடர்ந்து செய்யலாம். இன்னொன்று, பின்னால் நேரம் கொடுப்பது. காட்சி முடிந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் எல்லோரும் வந்து எல்லாவற்றையும் தொட்டு விளையாடலாம் என்று வைத்துவிட்டால், ஓடும் குழந்தைகள்கூட ஓரளவு காத்திருக்கிறார்கள். கையை இழுத்து உட்காரவைக்கும் அம்மாவைத் தடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. வைக்கக் கூடாத ஒரே எல்லை கயிறு. கயிறு கட்டினால் அதைத் தாண்டுவதுதான் அன்றைய நாடகம்.

எத்தனை நிமிடம்? எத்தனை பேர்? எந்த நேரத்தில்?

இருபது முதல் முப்பது நிமிடம், அதற்கு மேல் விளையாட்டு நேரம். தவழாதவர்கள் என்றால் பத்துப் பன்னிரண்டு குழந்தைகளும் அவர்களோடு வருபவர்களும். பெரிய குழந்தைகளுக்கும் பெரியவர்களையும் சேர்த்து ஐம்பது அறுபது பேரைத் தாண்ட வேண்டாம். அமைப்பாளர்கள் இருநூறு பேர் என்பார்கள். நான்கு காட்சியாகப் போடுகிறோம் என்று சொல்லுங்கள்.

காலை பத்து, பத்தரை நல்ல நேரம். மாலை ஆறு மணிக் காட்சி நமக்கு வசதி, அவர்களுக்கு அல்ல.

விளக்கும் ஒலியும்?

முழு இருட்டு வேண்டாம். பார்வையாளர் பக்கமும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கட்டும், குழந்தை அடிக்கடி திரும்பி அம்மா முகத்தைப் பார்க்கும். இது பயப்பட வேண்டியதா, சிரிக்க வேண்டியதா என்று அந்த முகத்தில்தான் படிக்கிறது. அம்மா முகம் இருட்டில் இருந்தால் படிக்க வழியில்லை. சிமிட்டும் விளக்கு அறவே கூடாது.

ஒலிபெருக்கி தேவைப்படும் அளவுக்கு அரங்கம் பெரிதாக இருந்தால் அரங்கம்தான் தவறு. எவர்சில்வர் நாடகத்தில் தட்டு தரையில் விழும் சத்தம் எல்லோரையும் அலறவைக்கும், அதனால் கீழே ஜமுக்காளம் போட்டு அதற்குமேல் பாய் விரியுங்கள். திடீர்ச் சத்தம் வேண்டுமென்றால் வரப்போவது தெரியும்படி செய்யுங்கள்: நடிகர் தன் காதைப் பொத்திக்கொள்கிறார், மூச்சை இழுக்கிறார், அப்புறம் டிங்.

பாதுகாப்புக்கு என்ன பார்க்க வேண்டும்?

எல்லாம் வாய்க்குப் போகும் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளைச் சோதிக்கும் உருளையின் அகலம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் மூச்சுக்குழாயை அடைக்கலாம். புளியங்கொட்டை, சோழி, மணி, உலர்ந்த பயறு எல்லாம் இதில் வரும். ஒலிக்காக வேண்டுமென்றால் மூடி திறக்காத டப்பாவுக்குள் போட்டு ஒட்டிவிடுங்கள். குன்றிமணியை டப்பாவுக்குள்ளும் வைக்காதீர்கள், அது விஷம். பலூன் வேண்டாம், வெடித்த துண்டு தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். பட்டன் பேட்டரி போட்ட சின்ன விளக்குகளும் வேண்டாம், விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். தண்ணீர் வைத்தால் சில அங்குல ஆழமே இருந்தாலும் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். பாத்திரங்களின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், தட்டின் ஓரம் பிசிறடித்திருந்தால் தூக்கிப் போடுங்கள். ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் கழுவித் துடைக்க வேண்டும். இதற்கான நேரத்தை அட்டவணையிலேயே போடுங்கள்.

ஏதாவது கற்றுக்கொடுக்க வேண்டாமா? நிறம், எண், நல்ல பழக்கம்?

வேண்டாம்.

பள்ளி நிர்வாகம் வற்புறுத்தினால் என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். அடுக்குவது, ஒப்பிடுவது, காத்திருப்பது, முறை விட்டு முறை செய்வது எல்லாம் நாடகத்தில் தானாகவே இருக்கின்றன. அறிக்கையில் அதை எழுதிக்கொள்ளட்டும். நாடகத்துக்குள் பல் துலக்கும் காட்சியைச் சேர்க்க வேண்டியதில்லை.

மாற்றுத்திறன் உள்ள குழந்தைகள் வரும்போது?

லண்டனில் 1981இல் தொடங்கிய ஆய்லி கார்ட் குழுவின் வேலையைத் தேடிப் பாருங்கள். பல குறைபாடுகள் சேர்ந்திருக்கும் குழந்தைகளுக்காக அவர்கள் சிகிச்சைக்கான வெந்நீர்க் குளத்திலும், துள்ளிக் குதிக்கும் டிராம்போலினிலும் நாடகம் போட்டிருக்கிறார்கள். தொடுதல், மணம், அசைவு என்று கண்ணும் காதும் தவிர்ந்த வழிகளில் நாடகம் போய்ச் சேரும் என்பதை அங்கே கற்கலாம். நம் எவர்சில்வர் நாடகத்தில், தட்டு ஒலிக்கும்போது அதைக் குழந்தையின் கையருகே கொண்டுபோனால் அதிர்வு தெரியும். காது கேளாத குழந்தைக்கு அதுதான் இசை. புலன்கள் எளிதில் திணறும் குழந்தைகளுக்காகச் சத்தமும் ஆளும் குறைத்த காட்சி ஒன்றைத் தனியாக வைப்பது நல்லது. யார் வருகிறார்கள் என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டே இருக்கிறார்களே?

குழந்தை திரும்பிப் பார்க்கும்போது முகத்துக்குப் பதில் கைப்பேசி இருந்தால் என்ன ஆகும் என்று தொடங்கும் முன் ஒரு வரியில் சொல்லுங்கள். விளையாட்டு நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதியும் கொடுங்கள். பெரும்பாலானோர் கேட்பார்கள். கேட்காதவர் பெரும்பாலும் மாமா.

தமிழில் முன்னோடிகள் இருக்கிறார்களா?

சிறுவர் நாடகத்துக்கு நல்ல மரபு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய 'கூடி விளையாடு பாப்பா' பரவலாக அறியப்பட்டது. புதுச்சேரியில் வேலு சரவணன் பல காலமாகக் குழந்தைகளோடு நாடகம் செய்துவருகிறார். இவர்களுடைய பார்வையாளர்கள் பெரும்பாலும் பள்ளி வயதினர். மூன்று வயதுக்குக் கீழே வரும்போது நம் நேரடி முன்னோடிகள் வீட்டுப் பாட்டிகள்தாம். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகப் பங்கு வைத்து, அப்புறம் நண்டு ஊர்ந்து அக்குளுக்குள் போகும் அந்த விளையாட்டில் பொருள் உண்டு, திரும்பச் செய்தல் உண்டு, தவிப்பு உண்டு, உச்சம் உண்டு. அதை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்தால் எடுபடாது, அது மடிக்கான வடிவம். ஆனால் ஒத்திகையில் அதன் காலக்கணக்கைப் பிரித்துப் பாருங்கள், நண்டு எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று.

எங்கே போடுவது? செலவு?

மேடை தேடாதீர்கள். வகுப்பறை, நூலகம், கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் எல்லாம் போதும். தரை சுத்தமாகவும் கழிப்பறை பக்கத்திலும் இருக்க வேண்டும், பால் கொடுக்கவும் துணி மாற்றவும் ஒரு மூலை வேண்டும். தமிழ்நாட்டில் அங்கன்வாடியில் போட நினைத்தால் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். நாடகம் முழுவதும் இரண்டு பெட்டியில் அடங்கிப் பேருந்தில் ஏற வேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டால் செலவில் பாதி குறையும். மீதிச் செலவு நடிகர்களின் சம்பளம், அதில் கை வைக்காதீர்கள். குறைவான பேருக்குப் பல காட்சிகள் போட வேண்டியிருப்பதால் டிக்கெட் வருமானம் மட்டும் கட்டுப்படியாகாது. ஐரோப்பியக் குழுக்களும் பெரும்பாலும் பொது நிதியை நம்பித்தான் இருக்கின்றன.

டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்த குழந்தை காட்சி முழுக்கத் தூங்கிவிட்டது. காசைத் திருப்பிக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

எழுப்பச் சொல்லி மட்டும் விடாதீர்கள். காசுக்குப் பதிலாக அடுத்த காட்சிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, வழக்கமாக எத்தனை மணிக்குத் தூங்கும் என்று கேட்டுக்கொண்டு நேரம் சொல்லி அனுப்புங்கள்.